ஓசையும் மாசும் உயிரோம்பலும்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டுதோறும் இவ்விழாவில் அகிம்சை பற்றிய உரைகள் நிகழ்கின்றன. உண்ணும் உணவில் உயிர்க்கொலை தவிர்த்தல், இரவில் உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல் ஆகியவை பலமுறை விளக்கப்பெற்றுள்ளன. இவற்றை இக்குடும்பங்களின் சிறுவர்களும் அறிவர். ஆனால் வாயினுள் செல்வதைக் காத்த அளவுக்கு, செவியினுள்ளும் மூக்கினுள்ளும் செல்வதை இல்லறத்தார் காத்துக்கொண்டார்களா என்பது எண்ணத்தக்க வினா. பெருநகரச் சாலைகளின் ஓசையும் புகையும் உடலின் சருக்கரையை எவ்வாறு நிலைகுலைக்கின்றன என்பதும், அதற்குச் சமண இல்லறம் தரும் மருந்து யாது என்பதும் இவ்வுரையின் பொருள்.

ஓசையும் பொருளே

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் ஒலியைப் புத்கலத்தின் ஒரு நிலையாகக் கூறுகிறது. ஒலி என்பது வானத்தின் குணம் என்று பிற தரிசனத்தார் சிலர் கொண்டனர். சமண ஆசிரியர்கள் அதனை ஏற்கவில்லை. ஒலி பொருள் சார்ந்தது, தடுக்கப்படுவது, மோதுவது, ஆதலின் அது புத்கலமே என்பது அவர்கள் கொள்கை. இன்றைய இயற்பியல் ஒலியைப் பொருளில் பரவும் அதிர்வு என்கிறது. இரண்டும் ஒன்றே எனச் சொல்ல வேண்டியதில்லை. எனினும், ஒலி கேட்டவுடன் மறைந்துபோகும் வெறுமையன்று, உடலை வந்து தாக்கும் ஒன்று என்னும் கருத்து இரண்டுக்கும் பொதுவாகும். காற்றையோ சமணம் உயிருடையதாகவே கருதுகிறது. நிலம், நீர், தீ, காற்று, நிலைத்திணை என்னும் ஓரறிவுயிர் ஐந்தனுள் காற்றுடல் உயிரும் ஒன்று. ஆகவே காற்றை மாசுபடுத்தலும் ஓசையால் துன்புறுத்தலும் சமணர்க்குச் சுகாதாரச் சிக்கல் மட்டுமல்ல. நேரே அறத்தைத் தொடுபவை.

ஒரு வணிகரின் நாள்

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டங்களின் சிற்றூர்களிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பத்து வணிகர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு வயது ஐம்பது. கீழே கடை, மேல் மாடியில் வீடு. சாளரத்தைத் திறந்தால் பேருந்துச் சாலை. புலால் அறியாதவர், மதுவைத் தொடாதவர், கதிரவன் மறையுமுன் உண்டு முடிப்பவர், அட்டமி, சதுர்த்தசி நாள்களில் நோன்பு நோற்பவர். ஒரு நாள் மருத்துவ முகாமில் குருதியைச் சோதித்துப் பார்க்கையில் நீரிழிவு என்று தெரிகிறது. "எந்தத் தீய பழக்கமும் இல்லாத எனக்கு இது எப்படி வந்தது?" என்று அவர் கேட்கிறார். இக்கேள்வியை இந்த அவையிலேயே கேட்டவர்கள் இருக்கக்கூடும்.

மரபு, வயது, உடலுழைப்பின்மை, அரிசியும் இனிப்பும் மிகுதல் ஆகியவை முதற்காரணங்கள் என்பதில் ஐயமில்லை. பன்னிரண்டு மணி நேரம் கல்லாவில் அமர்ந்திருப்பதும், நோன்பு முடித்த மறுநாள் பாரணையில் இனிப்பை அளவின்றி உண்பதும் அவற்றுள் அடங்கும். அவற்றை மறைத்துப் பழி முழுவதையும் சாலையின்மேல் போடுவது வாய்மையாகாது. ஆயினும் அந்தச் சாலைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதை அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆய்வுகள் சொல்வது

2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடி என்றும், நீரிழிவின் வாயிலில் நிற்போர் ஏறத்தாழ 13 கோடியே 60 இலட்சம் என்றும் மதிப்பிட்டது. அதே ஆண்டில் வேறோர் ஆய்வும் வெளியாயிற்று. சென்னை, தில்லி ஆகிய இரு நகரங்களிலும் 12,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து, அவர்கள் வாழும் இடத்துக் காற்றின் நுண்துகள் அளவையும் குருதிச் சருக்கரையையும் ஒப்பிட்டனர். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளின் ஆண்டுச் சராசரி, கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடுந்தோறும் நீரிழிவு புதிதாகத் தோன்றும் வாய்ப்பு 22 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பிற நாட்டினரைக் கொண்டு ஊகித்த முடிவன்று இது. சென்னைவாசிகளின் குருதியிலேயே கண்டது.

ஓசையைப் பற்றிய பெரிய ஆய்வு டென்மார்க் நாட்டில் நடைபெற்றது. கோபன்ஹேகன், ஆர்ஹுஸ் நகரப் பகுதிகளைச் சேர்ந்த, 50 முதல் 64 வயது வரையுள்ள 57,053 பேரை ஏறத்தாழப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஐந்தாண்டுச் சராசரிச் சாலையோசை 10 டெசிபல் மிகுதியாக உள்ள வீடுகளில் வாழ்ந்தோரிடையே நீரிழிவு 11 விழுக்காடு கூடுதலாகத் தோன்றியது. உணவு, எடை, புகைப்பழக்கம், கல்வி முதலியவற்றைக் கணக்கில் கொண்டு கழித்த பின்னரே 2013-இல் இம்முடிவு வெளியிடப்பட்டது.

இவை கவனித்து அறிந்த தொடர்புகள். இவற்றை மட்டும் கொண்டு காரணம் இதுவே என அறுதியிட இயலாது. ஆனால் உடலுக்குள் இது நிகழும் வழியும் பெரும்பாலும் அறியப்பட்டிருப்பதால், இத்தொடர்பை எளிதில் ஒதுக்கவும் இயலாது.

உடலுக்குள் நிகழ்வது

பேரொலி செவியில் விழும்போது உடல் அதனை ஆபத்தின் அறிகுறியாகவே கொள்கிறது. மூளை அச்சச் செய்தியை அனுப்ப, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் ஆகியவற்றைச் சுரக்கின்றன. ஓடவோ போராடவோ ஆற்றல் வேண்டுமல்லவா? அதற்காகக் கல்லீரல் தன் இருப்பிலிருந்து சருக்கரையைக் குருதியில் விடுகிறது. காட்டில் புலியைக் கண்டவனுக்கு அது உயிர்காக்கும் ஏற்பாடு. படுக்கையில் கிடப்பவனுக்கோ, சாலையில் லாரி ஒலிப்பானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் புலி வந்துபோகிறது. அவன் ஓடுவதில்லை; சருக்கரை மட்டும் குருதியில் நிற்கிறது. நாள்தோறும் இது நிகழ, உடல் இன்சுலினின் சொல்லுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக்கொள்கிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலின் சுரந்து களைத்துப்போகிறது.

"எங்களுக்குப் பழகிவிட்டது; ஓசையிலும் நன்றாக உறங்குகிறோம்" என்பது சாலையோரத்தார் வழக்கமாகக் கூறும் விடை. மனம் பழகிக்கொள்வது உண்மையே. ஆனால் உறங்குபவர் விழிக்காவிட்டாலும் அவருடைய நாடித்துடிப்பும் குருதியழுத்தமும் ஒவ்வோர் ஓசைக்கும் உயர்கின்றன. 2008-இல் வெளியிடப்பட்ட, சிகாகோ நகரில் நிகழ்ந்த ஒரு சோதனை இங்குக் கருதத்தக்கது. நலமுள்ள இளைஞர் ஒன்பதின்மரை மூன்று இரவுகள் உறங்கச் செய்து, ஆழ்துயில் தொடங்கும்போதெல்லாம் விழிப்பு வராத அளவில் ஓசை எழுப்பினர். மொத்த உறக்க நேரம் குறையவில்லை. ஆழ்துயில் மட்டும் குலைந்தது. மூன்றே இரவுகளில் அவர்கள் உடலின் இன்சுலின் உணர்திறன் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்துபோயிற்று. எட்டு மணி நேரம் உறங்கினேன் என்பது போதாது. எத்தகைய உறக்கம் என்பதும் வேண்டும்.

இனிப் புகை. பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதனினும் குறைந்த குறுக்களவும் உடைய துகள். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குக்கும் குறைவானது. பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். இத்துகளோ நுரையீரலின் அடிச் சிற்றறைகள் வரை செல்லும். அங்குள்ள காவல் அணுக்கள் அதனை விழுங்கி அழிக்க முயலும்போது அழற்சிப் பொருள்களை வெளியிடுகின்றன. அவை குருதியோடு கலந்து கல்லீரலையும் தசையையும் கொழுப்புத் திசுவையும் அடைந்து, அங்கு இன்சுலினின் பணியைத் தடைசெய்கின்றன. இவ்வாறு ஓசை நரம்பின் வழியாகவும், புகை குருதியின் வழியாகவும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. சாலையோர வீட்டில் இவ்விரண்டும் ஒருங்கே புகுகின்றன.

அளவும் வரம்பும்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும் வரம்பாக வைத்துள்ளன. வணிகப் பகுதிக்கு அவை 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதியாக அறிவிக்கப்படலாம். அங்குப் பகலில் 50, இரவில் 40. 2011-இல் தொடங்கிய தேசிய ஒலி கண்காணிப்பு வலையமைப்பு ஏழு பெருநகரங்களில் 70 நிலையங்களைக் கொண்டது. சென்னையின் பத்து நிலையங்களுள் சௌகார்பேட்டையும் ஒன்று.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது. சாலையில் வண்டிகளின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் 3 டெசிபல்தான் குறையும். ஆனால் உறக்கத்தைக் குலைப்பது சராசரி இரைச்சலைவிடத் திடீரென எழும் ஒலிப்பானின் உச்ச ஓசையே. அது ஒரு மனிதனின் கைவிரலில் இருக்கிறது. அவன் நினைத்தால் இன்றே நிறுத்தலாம்.

காற்றுக்கு, இந்தியத் தரம் பி.எம். 2.5-இன் ஆண்டுச் சராசரியை 40 மைக்ரோகிராம் என வைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் 5 மைக்ரோகிராமே பரிந்துரைத்தது. இரண்டுக்கும் இடையே எட்டு மடங்கு வேறுபாடு. ஆகவே சட்ட வரம்புக்குள் இருப்பது நலத்தின் வரம்புக்குள் இருப்பதாகாது.

இல்லற விரதமே மருந்து

சமந்தபத்திரர் இயற்றிய இரத்தினகரண்ட சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் அமைந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தாரின் ஒழுக்கத்தை வகுத்துரைப்பவை. குணவிரதங்களுள் ஒன்று அனர்த்ததண்ட விரதம். பயனின்றிச் செய்யும் தீங்கை விலக்குதல் என்பது அதன் பொருள். அதில் விலக்கப்படுவனவற்றுள் ஒன்று பிரமாதசரியை. பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், காற்றை அலைத்தல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, பயனின்றித் தான் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் சமந்தபத்திரர் அங்கே சேர்த்துக் கூறுகிறார். மோட்டார் வண்டி இல்லாத காலத்தில் கூறப்பட்டது இது. நடந்து செல்லும் தொலைவிலுள்ள கோயிலுக்கு வண்டியில் வருதலும், கடைவாயிலில் வண்டியின் பொறியை அணைக்காமல் பேசிக்கொண்டிருத்தலும், சிக்னலில் பச்சை விழுமுன் ஒலிப்பானை அழுத்துதலும் பிரமாதசரியை அல்லாமல் வேறென்ன?

சிட்சாவிரதங்களுள் தேசாவகாசிகம் என்பது குறித்த காலத்துக்கு, இவ்வீடு, இத்தெரு என எல்லை வகுத்து அதற்குள் அடங்கியிருத்தல். வாரத்தில் ஒரு நாள் வண்டியைத் தொடுவதில்லை என்று ஒரு குடும்பம் தேசாவகாசிகம் ஏற்குமாயின், விரதமும் நிறைவேறும், நடையும் கூடும், தசைகள் சருக்கரையைச் செலவிடும். சாமாயிகம் இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், அமைதியில் அமர்தல். அதனைச் சாலைப்பக்கத்து அறையில் தொலைக்காட்சியோசைக்கு நடுவே செய்வதைவிட, வீட்டின் உட்புறத்து அமைதியான அறையில் செய்தல் நன்று.

வீட்டளவில் செய்யத்தக்கவை எளியன. படுக்கையைச் சாலைப்பக்கத்து அறையிலிருந்து பின்னறைக்கு மாற்றலாம். முதியோர்க்கும் கருவுற்ற பெண்டிர்க்கும் குழந்தைகளுக்கும் அந்த அறையை முதலில் தரலாம். நெரிசல் மிகுந்த வேளையில் சாலைப்பக்கச் சாளரத்தை அடைத்து, எதிர்ப்பக்கத்துச் சாளரத்தைத் திறக்கலாம். காலை நடையைப் பேருந்துச் சாலையிலன்றிப் பூங்காவிலோ உள்தெருவிலோ வைத்துக்கொள்ளலாம். அடைத்த பூசையறையில் ஊதுபத்தியும் கற்பூரமும் மிகுதியாக எரித்தால் அங்கும் நுண்துகள் பெருகும்; ஒரு விளக்கே போதுமானது. வாயை மூடும் துணி காற்றுயிர்க்கு இரங்கி அணிவது. அது நுண்துகளைத் தடுக்காது. புகை மிகுந்த இடத்தில் பணிபுரிவோர்க்கு என்-95 முகக்கவசம் வேண்டும்.

நோன்பு பற்றி ஓர் எச்சரிக்கையும் தேவை. இன்சுலினோ, சருக்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரைகளோ கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருந்தால் சருக்கரை திடீரென வீழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். அத்தகையோர் உணவுக் குறைப்பு, சுவை துறத்தல், மௌனம் ஆகிய தவங்களை ஏற்கலாம். தன்னுயிரைப் பேணுவதும் அகிம்சையே.

பிறர் உயிர்

வணிகர் மாலையில் கதவை அடைத்து மாடிக்குச் செல்லலாம். கடைவாயிலில் மூட்டை இறக்குபவர், நடைபாதையில் பூ விற்பவர், இரவில் கடையிலேயே படுத்துறங்கும் பணியாள், நாற்சந்தியில் நிற்கும் காவலர் ஆகியோர் எங்கே செல்வர்? சாலையின் ஓசையையும் புகையையும் முழுதும் ஏற்பவர்கள் அவர்களே. அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் மிகுசுமை ஏற்றல் ஒன்று. முன்னோர் அதனை எருதுக்கும் ஏவலாளுக்கும் உரைத்தனர். ஒரு பணியாளைப் பதினான்கு மணி நேரம் சாலையை ஒட்டிய வாயிலில் நிறுத்திவைப்பதும் சுமைதான். அவர் அமரும் இடத்தைச் சற்று உள்ளே தள்ளுதலும், பணிமுறை மாற்றி ஓய்வு தருதலும், உறங்கப் பின்கட்டில் இடம் அமைத்தலும், ஆண்டுக்கொரு முறை குருதிச் சோதனை செய்வித்தலும் முதலாளிகள் தரக்கூடிய அபயதானம்.

விழாவும் விதிவிலக்கன்று

இறுதியாக, சற்றுக் கசப்பான ஒன்றையும் கூறியாக வேண்டும். மகாவீரர் பிறந்த நாளில் தேர் வலம் வருகிறது. அதனோடு ஒலிபெருக்கியும் மின்னாக்கியின் புகையும் வலம் வருகின்றன. அவர் வீடுபேறு அடைந்த தீபாவளி நாளிலோ சில இல்லங்களில் பட்டாசும் வெடிக்கப்படுகிறது. "ஆண்டில் ஒரு நாள்தானே" என்பர். ஒரு நாள் ஓசையால் எவர்க்கும் நீரிழிவு வந்துவிடாது என்பது மெய்யே. ஆனால் தேர் செல்லும் தெருவில் நோயாளிகளும் பச்சிளங்குழந்தைகளும் இருக்கிறார்கள். அன்றியும், லாரிக்காரரை நோக்கி ஓசையைக் குறை என்று கூறும் உரிமை, தன் ஓசையைக் குறைத்துக்கொண்ட சமூகத்துக்கே உண்டு. பக்தி குறைந்துவிடுமோ என்று முதியோர் சிலர் அஞ்சக்கூடும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் மௌனத்தில் தவமிருந்து கேவலஞானம் பெற்றவரின் விழாவுக்கு மௌனம் குறைவாகாது. ஒலிபெருக்கியின்றி, வாய்ப்பாட்டோடும் கைத்தாளத்தோடும் தேர் சென்றால் தெருவினர் கதவைத் திறந்து நின்று பார்ப்பர்.

அறக்கட்டளையின் முன் மூன்று வேண்டுகோள்கள் வைக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டுத் தேர்வலம் ஒலிபெருக்கியின்றி நடைபெறுக. மருத்துவ முகாமில் சருக்கரையைச் சோதிக்கும்போதே உறக்கம், வீட்டின் இருப்பிடம், பணியிடம் ஆகியவற்றையும் கேட்டுக் குறித்து, அதற்கேற்ப அறிவுரை வழங்குக. மாணவர் விடுதிக்கோ முதியோர் இல்லத்துக்கோ இனி மனை வாங்குங்கால், நெடுஞ்சாலையை ஒட்டிய மனையின் மதிப்பைப் பாராது, சாலையிலிருந்து சில நூறு மீட்டராவது விலகிய இடத்தைத் தேர்க.

அந்த ஐம்பது வயது வணிகருக்கும் ஒரு விடை சொல்லியாக வேண்டும். அவர் காத்த நோன்புகள் வீணாகவில்லை. அவை இல்லாதிருந்தால் நோய் இன்னும் முன்னரே வந்திருக்கலாம். அவர் உணவுக்கு இட்ட வேலியைச் செவிக்கும் மூச்சுக்கும் நீட்டவில்லை, அவ்வளவே. இன்றிரவு அவர் தம் படுக்கையைப் பின்னறைக்கு மாற்றட்டும். நாளைக் காலை அவருடைய வண்டி, வேண்டாத ஓர் இடத்தில் ஒலிப்பானை அழுத்தாமல் செல்லட்டும். அவருக்கு அது மருந்து. சாலையோரத்தில் உறங்கும் மற்றொருவருக்கு அது அபயம்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க. அறம் வளர்க.